மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாமா? 'ஆனிங்' ஜன்னல் எங்கே பொருந்தும்?

திறந்தா சாரல், மூடினா புழுக்கம். விழிஞ்ஞம் கடலோரத்துக்கு அருகிலுள்ள கோட்டுகாலில் வீடு கட்டும் உங்களுக்கு இது தெரிந்த சிக்கல்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இங்கே இரண்டு மழைக்காலம்.

இதற்கு ஒரு தீர்வு, 'டாப் ஹங்' என்றும் சொல்லப்படும் ஆனிங் ஜன்னல். கீல் மேலே இருக்கும். அடிப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கணும். சரிந்து நிற்கும் கண்ணாடி மழையைத் தடுக்கும். கீழேயும் பக்கவாட்டிலும் காற்று வரும். ஆனால், பலத்த காற்றடித்தால் மூடித்தான் ஆகணும்.

எங்கே வைக்கலாம்?

குளியலறை, சமையல் மேடைக்கு மேல், மாடிப்படி ஆகிய இடங்களுக்குப் பொருந்தும். ஆள் நடமாடும் பக்கம் வேண்டாம், தலையில் இடிக்கும்.

படுக்கையறைக்கு இது மட்டும் போதுமா?

போதாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு அது 20 சதுர அடி. ஆனிங் ஜன்னல் முழுதாகத் திறக்காது. அதனால் பக்கவாட்டில் திறக்கும் வழக்கமான ஜன்னலும் இருக்கட்டும்.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

• உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். கதவின் எடை முழுவதும் கீலிலும் தாங்கு கம்பியிலும்தான் நிற்கிறது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

• கதவு வெளியே திறப்பதால் கொசுவலையும் கம்பியும் உள்பக்கம் வரும். அவற்றைத் தாண்டிக் கைப்பிடி எட்டுமா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். எட்டாவிட்டால் மழை வந்ததும் மூட முடியாது.