அம்மாவின் கையிலிருக்கும் படம் தெரிகிறதா?

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20ஆம் திகதி. சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் போராட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் பேஸ்புக்கிலும் வெளியான ஒளிப்படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒரு ஐம்பதை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். அழும் முகம் தெரியும். பதாகை தெரியும். ஆனால், அந்தத் தாய் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் படத்தில் இருப்பவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. லெமினேட் செய்த தாளில் வானத்தின் வெளிச்சம் பட்டு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் இருக்கும்.

அந்த முகத்தைக் காட்டத்தான் அவர் அங்கே வந்திருக்கிறார். நாங்கள் எடுத்த படம் அதையே அழித்துவிடுகிறது.

பிரதேசச் செய்தியாளர்களோடும் ஊடகக் கற்கைகள் பயிலும் மாணவர்களோடும் ஒளிப்படம் பற்றிப் பேசும்போது, என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்த கமரா வாங்கலாம்?" என்பதுதான். மேலே சொன்ன வெள்ளைத் திட்டை விலை கூடிய கமரா நீக்காது. ஒளிப்படத் திறமை என்பது வெளிச்சம், தூரம், நேரம், பொறுமை ஆகிய நான்கையும் பற்றி பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே முடிவெடுக்கும் பழக்கம். ஒளிப்படத்தின் ஒவ்வொரு வகையும் இவற்றில் ஒன்றை நன்றாகப் பழக்கும். அதனால்தான், செய்திப்படம் மட்டும் எடுப்பவர்களையும் உருவப்படம், திருவிழா, இயற்கை என்று எல்லாவற்றையும் எடுத்துப் பழகச் சொல்கிறேன். கையில் தொலைபேசி மட்டும் இருந்தாலும் இவற்றைப் பழகலாம்.

உருவப்படம்: வெளிச்சத்தைப் பழகுதல்

இலங்கை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஏப்ரல் முற்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதி - செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் காலை பத்து மணி தாண்டினால் வெளிச்சம் மேலிருந்துதான் விழும். அந்த நேரத்தில் வெயிலில் நிற்பவரின் கண்கள் இரண்டு கருங்குழிகளாகிவிடும். மாலையில் கிடைக்கும் பொன்னிற வெளிச்சமும் எங்கள் நாட்டில் நெடுநேரம் நிற்காது. சூரியன் செங்குத்தாக இறங்குவதால் விரைவில் இருட்டிவிடும். எங்கள் செய்திகளோ பெரும்பாலும் வெயில் நேரத்தில்தான் நடக்கின்றன.

இதற்கு வழி நிழல். விறாந்தையின் ஓரம், மரநிழலின் விளிம்பு, மதிலோரம் ஆகிய இடங்களில் முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்பி அமர வைத்தால் கண்களில் வெளிச்சம் வரும். போராட்டக் கொட்டகைகளில் இன்னொரு பிரச்சினை உண்டு. நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுக்கும் முகம் நீலமாகத்தான் இருக்கும். பின்னர் கணினியில் அதைச் சரிசெய்வது கடினம். உட்கார்ந்திருப்பவரைக் கொட்டகையின் நடுவில் வைத்து எடுக்காமல், அவர் விரும்பினால் விளிம்புக்கு அழைத்து வாருங்கள். நாலடி நகர்ந்தால் தோலின் நிறம் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது, முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது என்பது. கமரா தன் முன்னாலுள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதித்தான் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சேலை, பின்னால் வெளுத்த வானம், நடுவில் கறுத்த முகம் என்றால், கமரா வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருளில் மூழ்கும். தொலைபேசியில் எடுப்பவர்கள் திரையில் முகத்தின் மீது விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளவேண்டும். கமராவில் எடுப்பவர்கள் வெளிச்ச ஈடுசெய்தலை ஒரு படி கூட்டலாம். வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

எங்கள் தோலின் நிறத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் இடையில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. கொடக் நிறுவனம் வர்ணப் பிலிம்களின் பிரதிகளைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல தசாப்தங்களாக வெள்ளைத் தோல் கொண்ட பெண்களே இருந்தார்கள். 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தத் தோலுக்கு ஏற்ப அளவுகள் வகுக்கப்பட்டதால் கறுத்த முகங்கள் விபரமில்லாமல் இருண்டு வந்தன. இன்று தொலைபேசிகளிலுள்ள 'அழகாக்கும்' வசதி எதிர்ப்பக்கமாகச் சென்று முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்துவிடுகிறது. கல்யாண அல்பத்தில் அது அவரவர் விருப்பம். ஆவணமாகப் போகும் படத்தில் அது பொய். அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

போராட்டம்: தூரத்தைப் பழகுதல்

தொலைபேசியின் பிரதான வில்லை அகன்ற கோணம் கொண்டது. 35 மில்லிமீற்றர் கமராக் கணக்கில் அநேகமாக 24 முதல் 26 மில்லிமீற்றர் வரை இருக்கும். அதை ஒருவரின் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் நீட்டினால் மூக்குப் பெருத்து, காதுகள் பின்வாங்கி, முகம் கோணிவிடும். அவருக்கும் அது தொந்தரவு. ஒன்றரை, இரண்டு மீற்றர் பின்னால் வந்து, தொலைபேசியில் இரண்டாவது வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விரல்களால் இழுத்துப் பெருப்பிப்பது படத்தின் விபரத்தை வெட்டியெறிவதற்குச் சமம்.

எந்தப் போராட்டத்திலும் நான் மூன்று தூரங்களில் படம் எடுக்கிறேன். முதலாவது தூரத்திலிருந்து: இது எந்த இடம், எத்தனை பேர், பொலிஸார் எங்கே நின்றார்கள், பின்னாலுள்ள பெயர்ப்பலகை என்ன என்பதெல்லாம் ஒரே படத்தில் வரவேண்டும். கூட்டத்தின் எண்ணிக்கை பற்றிப் பின்னர் சர்ச்சை வந்தால் இந்தப் படம்தான் பதில் சொல்லும். இரண்டாவது பேசும் தூரத்திலிருந்து: ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில் நடப்பது. மூன்றாவது கைக்கெட்டும் தூரத்திலிருந்து: கைகள், செருப்புகள், கடிதங்கள், அந்தப் படம்.

கையிலிருக்கும் படத்தைத் தெரியவைப்பது கடினமான வேலை அல்ல. மினுங்கும் தாள் கண்ணாடியைப் போன்றது. அது வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் வானத்தைக் காட்டும். மேல் விளிம்பைச் சற்று முன்னால் சரிக்கும்படி கேட்டால் நிலத்தைக் காட்டும், வெள்ளைத் திட்டு மறைந்துவிடும். கேட்பதற்குத் தயக்கமாக இருந்தால் நீங்கள் ஓரடி பக்கமாக நகருங்கள், அல்லது முழந்தாளிட்டுப் பாருங்கள். கமராவில் எடுப்பவர்கள் எஃப் 1.8இல் எடுத்தால் தாயின் முகமோ மகனின் முகமோ ஒன்றுதான் தெளிவாக இருக்கும். எஃப் 8 வரை போனால் இரண்டும் தெளியும். தொலைபேசியில் பின்னணியை மங்கலாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இறுதியாக, அவரின் சம்மதத்துடன் கையிலுள்ள படத்தை மட்டும் நேராக ஒன்று எடுத்து, பெயரையும் காணாமல் ஆக்கப்பட்ட திகதியையும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நெருங்கி எடுத்த படத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் கூறப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து, சுடர் ஒளி பத்திரிகையில் வெளியான படங்கள் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் படங்களை யாரும் அழகுக்காகப் பார்க்கவில்லை. காயம் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் அவற்றின் பலம்.

திருவிழா: நேரத்தைப் பழகுதல்

அசைவை எடுக்கப் பழகுவதற்குத் திருவிழாவைப் போன்ற வகுப்பறை இல்லை. நல்லூர்த் தேரன்று வாசலில் சிதறும் தேங்காயை உறைய வைக்க 1/1000 செக்கன் வேண்டும். ஆடிவரும் காவடிக்கு 1/500 போதும். நடப்பவர்களுக்கு 1/250, நிற்பவர்களுக்கு 1/125. இந்த எண்கள் கைக்குப் பழகிவிட்டால் தள்ளுமுள்ளு நடக்கும் வீதியில் யோசித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

இரவுத் திருவிழாவில் ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளிகள் தெரியும் படம் கலங்கிய படத்தைவிட மேலானது. தொலைபேசியின் இரவு வசதி பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால், அசைபவர்கள் பேய் உருவங்களாகிவிடுவார்கள். நிற்பவர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வேகத்தைவிட முக்கியமானது முன்னறிவு. தேர் எந்த வீதியில் எப்போது திரும்பும், எங்கே ஒரு கணம் நிற்கும் என்று அறிந்தவர் பின்னணியை முதலே தெரிவுசெய்துவிட்டுக் காத்திருப்பார். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. சுடர் ஏற்றப்படும் நேரம் தெரிந்தால், கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. ஓரிடத்தில் அமைதியாக இருந்து, சுடரில் அல்லாமல் முகத்தில் வெளிச்சத்தை அளந்து எடுக்கலாம். துயரத்தில் இருப்பவர்களுக்கு நடுவில் ஓடித்திரியாமல் இருப்பதும் இந்தத் தொழிலின் திறமைதான்.

இயற்கை: பொறுமையைப் பழகுதல்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒளிப்படக்கலைஞர் தர்மபாலன் திலக்சன், அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் பகுதியில் குப்பைமேட்டில் உணவு தேடும் யானைகளை எடுத்த படம் 2020இல் பிரித்தானியாவின் ரோயல் சொசைட்டி ஒஃப் பயோலஜி நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. யானையை மட்டும் நெருக்கமாக எடுத்திருந்தால் அது இன்னொரு யானைப் படம். யானையையும் குப்பையையும் ஒரே சட்டத்துக்குள் வைத்ததால் அது செய்தியாயிற்று. இயற்கையை எடுக்கும்போது பின்னணியைத் துடைத்தெறிய முயலாமல், அதைப் பேசவிடவேண்டும்.

சூழல் சார்ந்த படங்களில் அளவைக் காட்டுவதும் அவசியம். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபின் மேற்குக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள் 5 மில்லிமீற்றரிலும் சிறியவை. தனியாக எடுத்தால் அவை மணலோ அரிசியோ என்று தெரியாது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் தெரியும்.

அதிகம் பொறுமை கேட்பது ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் எடுப்பது. கடலரிப்பு, மணல் அகழ்வு, விடுவிக்கப்பட்ட காணி, இன்னும் விடுவிக்கப்படாத காணியின் வேலி. அசையாத ஒரு அடையாளத்தை, கோயில் மதிலையோ மின்கம்பத்தையோ, சட்டத்துக்குள் வையுங்கள். அதே இடத்தில், அதே உயரத்தில், அதே வில்லையால், ஒவ்வொரு மாதமும் எடுங்கள். இரண்டு வருடங்களின் பின் அந்த இருபத்துநான்கு படங்களும் ஒரு கட்டுரையைவிட அதிகம் சொல்லும். இராணுவ முகாம்களையும் பாதுகாப்பு நிலைகளையும் எடுப்பது ஆபத்தைக் கொண்டுவரும் என்பதை மறக்காமல், எங்கிருந்து எடுப்பது என்பதை ஊர் மக்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

எடுத்த பின்னர்

2006 லெபனான் போரின்போது பெய்ரூட்டின் புகையைக் கணினியில் பெருப்பித்த ஒரு படத்தை ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் திரும்பப் பெற்றது. அந்த ஒளிப்படக்கலைஞரின் படங்கள் 920ஐயும் விற்பனையிலிருந்து நீக்கியது. ஒன்றில் செய்த தில்லுமுல்லு மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். செயற்கை நுண்ணறிவால் படங்கள் செய்யப்படும் இந்தக் காலத்தில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. வெளிச்சத்தைக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம். இருந்ததை அழிக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது.

மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்குவதோடு, எடுத்த திகதி முதலான உட்தகவல்களையும் இழக்கிறது. ஆசிரியபீடத்துக்கு ஆவணமாக அனுப்பினால் அவை தங்கும். ஆனால் அந்தத் தகவல்களில் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். ஒருவரின் வீட்டில் எடுக்கும்போது இடம் பதியும் வசதியை நிறுத்திவிடுவது நல்லது. புலனாய்வாளர்கள் வீடு தேடி வந்து விசாரிக்கும் சூழலில் வாழ்பவர்களையே நாங்கள் எடுக்கிறோம். முகத்தைக் காட்டலாமா என்பதை எடுப்பதற்கு முன்னர் ஒருமுறையும், வெளியிடுவதற்கு முன்னர் ஒருமுறையும் கேட்கவேண்டும். மறைப்பதென்றால் பிரதியில் முழுதாக மறையுங்கள், மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு மாதத்தை நான்கு வாரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரம் வீட்டிலுள்ள ஒருவரின் முகத்தை ஒவ்வொரு நாளும் வெவ்வேறு வெளிச்சத்தில். இரண்டாவது வாரம் சந்தையை மூன்று தூரங்களில். மூன்றாவது வாரம் விளையாட்டு மைதானத்தில் அசைவுகள். நான்காவது வாரம் ஒரே இடத்தை ஏழு நாட்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. போராட்டங்களில் எடுத்த பழைய படங்களைத் திறந்து, பெருப்பித்துப் பாருங்கள். அந்தத் தாய்மார்கள் ஏந்தியிருக்கும் படங்களில் எத்தனை முகங்கள் தெரிகின்றன, எத்தனை பேருக்குப் பெயர் எழுத முடிகிறது என்று எண்ணுங்கள். தேடியலைந்த பெற்றோர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் இருக்கும்போதே போய், பெயரைக் கேட்டு எழுதி, அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை நேராக எடுத்து வையுங்கள்.