தெரிந்ததும் தெரிவதும்

"இயற்கைக் காட்சி வரைக" என்றால் நம் மாணவர்கள் எதை வரைவார்கள் என்பது நமக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. கரும்பலகையில் பல ஆண்டுகளாக நான் வரைந்து காட்டியதும் இதுவே.

சென்ற கோடை விடுமுறையில், வெளியில் அமர்ந்து இயற்கைக் காட்சி வரையும் ஓவியப் பயிலரங்கில் இரண்டு நாள்கள் கலந்துகொண்டேன். கண்மாய்க் கரையில் அமர்ந்து எதிரே நின்ற பனையை வரைந்தேன். பயிற்றுநர் பார்த்துவிட்டு, "தென்னை மாதிரி இருக்கே சார்! மரத்தை எத்தனை தடவை நிமிர்ந்து பார்த்தீங்க?" என்றார். யோசித்தேன். ஒரே ஒருமுறைதான்! கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, மனத்துக்குத் தெரிந்ததை வரைந்திருக்கிறேன்.

அங்கு கற்றவை எளியவை. நம் வகுப்புக்கும் ஏற்றவை.

1. அட்டையில் அஞ்சலட்டை அளவுக்குச் செவ்வகமாக ஒரு திறப்பு வெட்டி, அதன் வழியே காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரந்த வெளியில் எதை வரைவது என்ற திகைப்பு நீங்கும்.

2. கையை முழுவதும் நீட்டி, பென்சிலால் மரத்தின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட வேண்டும். இது கணக்குப் பாடத்தின் விகிதம்.

3. கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும். முதலில் அவற்றைத் தீட்ட வேண்டும்.

4. தொலைவில் உள்ளவை வெளிறி, சற்று நீலமாகத் தெரியும். இது அறிவியலின் ஒளிச்சிதறல்.

5. நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே தொடக்கத்திலேயே நிழலைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

வெளியே சென்று எண்ணெய் வண்ணம் தீட்டுவது முற்காலத்தில் எளிதாக இல்லை. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட், வண்ணம் அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்ணங்களை எங்கும் எடுத்துச் செல்ல முடிந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனே, 1890-91இல் வைக்கோல் போர்களையே காலை, மாலை, பனிக்காலம் என வெவ்வேறு ஒளியில் திரும்பத் திரும்ப வரைந்தார். நம் ஊர் வைக்கோல் போரும் காலையில் ஒரு நிறம், மாலையில் வேறு நிறம்தானே!

பள்ளி திறந்தபின், தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்றேன். காலை நேரம், மர நிழல், ஆளுக்கொரு தேர்வு அட்டை, குடிநீர். நீர் கிடக்கும் பக்கம் யாரும் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓவிய நோட்டை ஒருநாளும் காட்டாத மாணவன் ஒருவன், உடைந்த மடையையும் அதன்மேல் சாய்ந்த கருவேல மரத்தையும் வரைந்திருந்தான். வரைந்து முடித்ததும் கேட்டான்:

"நம்ம ஊர்ல மலையே இல்லையே சார், ஏன் இத்தனை நாளா மலை வரைஞ்சோம்?"

என்னிடம் பதில் இல்லை. அவன் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதில் மலை இல்லை; எங்கள் ஊர் மடை இருக்கிறது.