அமெரிக்கன் மா

எங்கட வீடுகளில் கோதுமை மாவுக்கு இன்னொரு பெயர் ‘அமெரிக்கன் மா’. நோன்பு திறக்கும் பாயில் கஞ்சி அரிசியில். சமூசாவும் ரோல்ஸும் இந்த மாவில். இங்கே கோதுமை விளைவதில்லை. அப்படியென்றால் இது எப்படி அடுப்படிக்குள் வந்தது?

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. கூப்பன் வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் அரிசி அரசாங்கத்தின் தலைவலிதான். 1952இல் அமெரிக்காவின் அதிருப்தியையும் பாராமல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம். மறுவருடம் ஜூலையில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால், சனங்கள் சுடப்பட்டார்கள். அமைச்சரவை கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில்! ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையில் கைவைக்க அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் பயம்தான்.

அந்த நேரம் அமெரிக்காவில் கோதுமை மிஞ்சிக் கிடந்தது. அதைச் சலுகையில் வெளிநாடுகளுக்குத் தள்ள 1954இல் பி.எல். 480 என்ற சட்டம் போட்டார்கள். அந்த மா இங்கேயும் இறங்கியது. பெயர் ஒட்டியதும் அதனால்தான் என்பது என் எண்ணம். உதவி என்றார்கள். நாக்கு பழகியபின் அது வியாபாரம்.

2021 இரசாயன உரத்தடையால் அம்பாறை வயல்களில் விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் ரூபாய் சரிந்து, உக்ரேன் யுத்தமும் சேர, மா விலை எகிறியது. காணிக்காரரும் அந்த நோன்பில் கஞ்சிக்கு அரிசியைக் கடையில்தான் வாங்கினார்கள்.