துறைமுகம் வளர்த்த கால்பந்து

நுழையும்முன்

விளையாட்டுக்குப் பொருள் வேண்டும். அப்பொருளைத் தருவோர் யார், எங்கிருந்து தருகின்றனர், எத்தனைக் காலம் தருவர் என்னும் வினாக்களுக்கான விடையிலேயே ஒரு கழகத்தின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன. கப்பல்களைக் கையாளும் அரசுடைமை நிறுவனம் ஒன்று கால்பந்துக் கழகத்தை ஏற்று நடத்திய வரலாற்றின் வழியாக அவ்விடையைத் தேடுகிறது இக்கட்டுரை.

ஆறும் கடலும் கூடுமிடம்

சீனாவின் மிக நீண்ட ஆறு யாங்சி. அது கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் அமைந்துள்ள பெருநகரம் ஷாங்காய். உள்நாட்டு ஆலைகளில் உருவாகும் பொருள்கள் ஆற்றின் வழியே வந்து கடல் வழியே உலகெங்கும் செல்வதற்கு வாய்ப்பான இடம் இது. எனினும் ஆறு கொண்டுவரும் வண்டல் கரையோரக் கடலை ஆழமற்றதாக்கிவிடுவதால், பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாத நிலை இருந்தது. அதனால், கரையிலிருந்து விலகியுள்ள யாங்ஷான் தீவுகளில் ஆழ்கடல் துறைமுகம் ஒன்று உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம் அதனை நிலத்தோடு இணைக்கிறது. இத்துறைமுகம் 2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திறக்கப்பட்டது.

ஷாங்காய்த் துறைமுகம் முன்னர் அரசுத் துறையாகவே இயங்கியது. 2003ஆம் ஆண்டில் அதன் வணிகப் பணிகள் தனியே பிரிக்கப்பட்டு, ஷாங்காய் பன்னாட்டுத் துறைமுகக் குழுமம் என்னும் நிறுவனம் தோன்றியது. 2006ஆம் ஆண்டில் அதன் பங்குகள் பங்குச்சந்தைக்கு வந்தன. ஆயினும் நிறுவனத்தின் கட்டுப்பாடு நகர அரசிடமே நிலைத்தது. 2010ஆம் ஆண்டில் சிங்கப்பூரை முந்தி, சரக்குப்பெட்டகங்களைக் கையாள்வதில் உலகின் முதலிடத்தை இத்துறைமுகம் அடைந்தது. அன்றுமுதல் அவ்விடத்தை அது இழக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

சரக்குப்பெட்டகங்கள் பல நீளங்களில் உள்ளன. எனவே துறைமுகங்களை ஒப்பிடுவதற்கு இருபது அடி நீளமுள்ள பெட்டகத்தை ஓர் அலகாகக் கொள்வர். நாற்பது அடிப் பெட்டகம் இரண்டு அலகுகளாகக் கணக்கிடப்படும். ஷாங்காய்த் துறைமுகம் 2024ஆம் ஆண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட அலகுகளைக் கையாண்டது. ஓராண்டில் இவ்வெண்ணிக்கையைக் கடந்த முதல் துறைமுகம் இதுவே.

தீவில் விளைந்த கழகம்

யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தில், வண்டல் படிந்து உருவான சோங்மிங் என்னும் தீவு உள்ளது. சீனக் கால்பந்துப் பயிற்றுநர் ஷு கென்பாவ் 2000ஆம் ஆண்டில் அங்குப் பயிற்சித் தளம் ஒன்றை நிறுவினார். புகழ்பெற்ற வீரர்களை விலைகொடுத்துத் திரட்டுவதைவிட, சிறுவர்களைத் தேர்ந்து பல்லாண்டுகள் பயிற்றி வளர்ப்பதே அவரது நோக்கம். அச்சிறுவர்களைக் கொண்டே 2005ஆம் ஆண்டில் ஷாங்காய் தோங்யா என்னும் கழகத்தைத் தொடங்கினார்.

நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டிகளில் அக்கழகம் 2006ஆம் ஆண்டில் அடியெடுத்து வைத்தது. ஆடியவருள் ஒருவரான வூ லெய்க்கு அப்போது வயது பதினான்கு. சீனத் தொழில்முறைக் கால்பந்தில் மிக இளம் வயதில் களமிறங்கியவர் என்னும் பெயர் அவருக்குக் கிட்டியது. படிப்படியாக உயர்ந்த கழகம், 2012ஆம் ஆண்டில் இரண்டாம் நிலையில் வாகை சூடி, அடுத்த ஆண்டு சீன சூப்பர் லீக் என்னும் முதல்நிலைப் போட்டிக்குள் நுழைந்தது. முதல்நிலைக் கழகத்தை நடத்துவதற்கான செலவோ பயிற்சித் தளத்தின் வருவாய்க்கு எட்டாதது. விளம்பர ஆதரவாளராக முன்வந்த துறைமுகக் குழுமம், 2014ஆம் ஆண்டின் இறுதியில் கழகத்தையே விலைக்கு வாங்கியது.

துறைமுகத்திற்குக் கால்பந்து எதற்கு?

சோப்பு விற்கும் நிறுவனமோ தொலைபேசி விற்கும் நிறுவனமோ விளையாட்டுக்குப் பணம் தருவதன் காரணம் எளிதில் விளங்கும். ஆட்டத்தைக் காண்பவர் பொருளை வாங்கக்கூடும். துறைமுகத்தின் நிலை வேறு. அதன் வாடிக்கையாளர்கள் கப்பல் நிறுவனங்களே. கோல் விழுந்ததைக் கண்டு மகிழ்ந்து எந்தக் கப்பலும் துறை மாறுவதில்லை.

எனவே காரணத்தை உரிமையாளரிடத்தே தேடவேண்டும். அரசுடைமை நிறுவனத்தின் உரிமையாளர் அரசு. சீன அரசு கால்பந்து வளர்ச்சிக்கான விரிவான சீர்திருத்தத் திட்டத்தை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. உலகக் கோப்பைப் போட்டிக்கு ஒரே ஒருமுறை, 2002ஆம் ஆண்டில் மட்டுமே தகுதிபெற்ற நாடு அது. அந்தக் குறையைப் போக்கவேண்டும் என்னும் விருப்பம் நாட்டுக்கு இருந்தது. தன் பெயரைத் தாங்கிய கழகம் முன்னணியில் நிற்கவேண்டும் என்னும் விருப்பம் நகருக்கு இருந்தது. இவ்விரு விருப்பங்களையும் நிறைவேற்றும் பொருள்வலிமை துறைமுகத்திடம் இருந்தது.

வாங்கிய வீரர்களும் வளர்த்த வீரர்களும்

ஒரு கழகத்துடன் ஒப்பந்தத்தில் உள்ள வீரரை மற்றொரு கழகம் பெறவேண்டுமாயின் மாற்றுக் கட்டணம் செலுத்தவேண்டும். 2016ஆம் ஆண்டில் பிரேசில் வீரர் ஹல்க், ரஷ்யாவின் ஜெனித் கழகத்திலிருந்து ஷாங்காய்க்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியில் மற்றொரு பிரேசில் வீரரான ஆஸ்கர், இங்கிலாந்தின் செல்சி கழகத்திலிருந்து ஒப்பந்தமானார். அவருக்கான கட்டணம் ஏறத்தாழ 6 கோடி பவுண்டு எனச் செய்தி இதழ்கள் எழுதின. ஆசியக் கழகம் ஒன்று அதுவரை அத்தகைய தொகையைச் செலுத்தியதில்லை. நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றின் வருவாயால் மட்டும் இச்செலவு ஈடாகாது. எஞ்சியதை உரிமையாளரே தாங்கவேண்டும்.

2018ஆம் ஆண்டில் ஷாங்காய் முதன்முறையாக சூப்பர் லீக் வாகையர் ஆயிற்று. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வென்றிருந்த குவாங்சோ கழகத்தின் ஆதிக்கம் அத்துடன் தடைப்பட்டது. ஆஸ்கரும் ஹல்க்கும் அவ்வெற்றிக்கு உதவினர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வாண்டில் லீக்கிலேயே மிகுதியான கோல்களை, அதாவது 27 கோல்களை அடித்தவர், சோங்மிங் தீவில் பயின்ற வூ லெய். இலக்கைக் காத்த யான் ஜுன்லிங்கும் அத்தீவின் மாணவரே. பெருந்தொகை தந்து பெற்ற திறமையும் பொறுமையால் வளர்ந்த திறமையும் ஒன்றுகூடியபோதே கோப்பை கைக்கு வந்தது.

வெள்ளம் வடிந்தபோது

இவ்வாறு செலவிட்டது ஷாங்காய் மட்டுமன்று. பல கழகங்கள் வரம்பின்றிச் செலவிட்டன. இதனைக் கண்ட சீனக் கால்பந்துச் சங்கம் 2017ஆம் ஆண்டில் ஒரு விதியை வகுத்தது. நட்டத்தில் இயங்கும் கழகம் வெளிநாட்டு வீரரைப் பெருந்தொகைக்கு வாங்கினால், அதற்கு இணையான தொகையை இளையோர் கால்பந்து வளர்ச்சிக்கும் வழங்கவேண்டும் என்பது அவ்விதி. பின்னர் ஊதியங்களுக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2021 முதல், கழகப் பெயர்களில் நிறுவனப் பெயர் இடம்பெறுதல் கூடாது என்னும் விதியும் வந்தது. நிறுவனத்தின் சுருக்கப் பெயரான 'ஷாங்காங்' என்பதைத் தாங்கியிருந்த கழகம், கடல்துறை எனப் பொருள்படும் 'ஹைகாங்' என்னும் பெயரை ஏற்றது. நிறுவனத்தின் பெயர் நீங்கிற்று, துறைமுகம் நீங்கவில்லை.

பிற கழகங்கள் பட்ட பாடு பெரிது. மின்பொருள் வணிக நிறுவனம் ஒன்று நடத்திய ஜியாங்சு கழகம் 2020ஆம் ஆண்டில் வாகை சூடி, சில மாதங்களிலேயே, 2021 பிப்ரவரியில், இயக்கத்தை நிறுத்தியது. எட்டு முறை வாகை சூடிய குவாங்சோ கழகம், அதனை நடத்திய வீட்டுமனை நிறுவனமாகிய எவர்கிராண்ட் கடனில் மூழ்கியதன் விளைவாகத் தளர்ந்து, 2025 ஜனவரியில் கலைந்தது. ஷாங்காய்க் கழகமோ 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடியது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் வருவாயின் தன்மை. வீட்டுமனை நிறுவனம் கடன் வாங்கிக் கட்டி, விலை ஏறும் என்னும் நம்பிக்கையில் வாழ்வது. துறைமுகமோ வந்துபோகும் ஒவ்வொரு பெட்டகத்திற்கும் கட்டணம் பெறுவது. மேலும் அதன் பின்னே அரசு நிற்கிறது. ஆதலால் கழகம் நிலைத்ததை நிர்வாகத் திறமையின் விளைவு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது.

பொதுப்பொருளும் பொறுப்பும்

அரசுடைமை நிறுவனத்தின் வருவாயில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. அதனைக் கொண்டு ஒரு வீரரை வாங்குவது தகுமா என்னும் வினா இங்கு எழுகிறது. நகர மக்களுக்குக் கிட்டும் மகிழ்ச்சியும் பெருமிதமும் பயனே என்பர் ஒரு சாரார். அப்பொருளால் எத்தனையோ விளையாட்டுத் திடல்கள் அமைக்கலாமே என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. முடிவு எதுவாயினும், செலவின் கணக்கு மக்கள் அறியுமாறு வைக்கப்படவேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

வூ லெய் 2019ஆம் ஆண்டில் ஸ்பெயினின் எஸ்பான்யோல் கழகத்திற்குச் சென்றார். மறு ஆண்டின் தொடக்கத்தில் பார்சிலோனாவுக்கு எதிராகக் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆஸ்கர் எட்டு ஆண்டுகள் ஆடி 2024ஆம் ஆண்டின் இறுதியில் விடைபெற்றார். சீன அணி இன்றும் உலகக் கோப்பை வாயிலுக்கு வெளியிலேயே நிற்கிறது. பொருளால் ஒரு கழகத்தை விரைந்து உயர்த்தலாம். ஒரு நாட்டின் ஆட்டத்தை உயர்த்துவதற்கோ, சோங்மிங் தீவில் நடந்ததைப் போன்ற நெடிய பயிற்சி பல ஊர்களிலும் பல தலைமுறைகளிலும் தொடரவேண்டும்.