உப்புப் போத்தல் ஏன் ஈரமாகிறது?

மாரி மழை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு உப்புப் போத்தலின் அடியில் நீர் கசிந்து நிற்கும். உம்மா அதில் ஒரு பிடி அரிசியைப் போட்டு வைப்பார். சென்ற விடுமுறையில் புத்தளத்திலிருந்து வந்திருந்த உம்மும்மா அதைப் பார்த்துவிட்டு, "மழ இல்ல புள்ள, அவசரந்தான் உப்ப நனைக்கும்" என்றார்.

உம்மும்மா சிறு வயதில் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். நான்காம் வகுப்பைத் தாண்டாதவர். நானோ உயர்தரத்தில் இரசாயனம் படிப்பவள். ஆனாலும் அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளப் போனபோதுதான், பரீட்சைக்காகப் பாடமாக்கிய பல விடயங்கள் உண்மையில் எனக்குத் தெரியாதவை என்று உணர்ந்தேன். தோழிகளே, அன்று கற்றதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் உப்பையே எடுத்துக்கொள்வோம். அது சோடியமும் குளோரீனும் சேர்ந்த சேர்வை. ஆய்வுகூடத்தில் சோடியத்தை எண்ணெயில் அமிழ்த்தி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். சிறு துண்டை நீரில் இட்டால் அது சீறிக்கொண்டு ஓடும். சில வேளை தீயும் பற்றும். குளோரீன் ஒரு நச்சு வாயு. முதலாம் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 இல், ஜேர்மன் படையினர் பெல்ஜியத்துப் போர்முனையில் அதனை ஆயுதமாகவே பயன்படுத்தினர். இப்படிப்பட்ட இரண்டும் சேர்ந்ததை நாம் தினமும் சோற்றில் போட்டு உண்கிறோம்!

இதற்குக் காரணம் ஒரேயோர் இலத்திரன். சோடியம் அணுவில் 11 இலத்திரன்கள் 2, 8, 1 என அமைந்துள்ளன. குளோரீன் அணுவில் 17 இலத்திரன்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. சோடியம் தன் வெளியோட்டிலுள்ள ஒன்றை எளிதில் இழக்கும். குளோரீன் ஒன்றை ஏற்கும். அவற்றின் கடுமையான தாக்குதிறன் இதிலிருந்துதான் வருகிறது. கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் இரண்டும் அயன்களாகி, வெளியோட்டில் எட்டு எட்டு இலத்திரன்களுடன் உறுதியடைகின்றன. அதன்பின் சோடியத்தின் சீற்றமுமில்லை, குளோரீனின் நஞ்சுமில்லை. இவ்வாறு சேர்ந்தவற்றை வெயிலிலிட்டோ வடித்தோ பிரிக்க முடியாது. 1807 இல் ஹம்பிரி டேவி சோடியத்தை முதன்முதலில் தனியாக்கியபோதும், உருகிய எரிசோடாவினூடாக மின்னைச் செலுத்தவேண்டியிருந்தது.

ஆனால் கடல்நீர் சேர்வையல்ல, கலவை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமானது சோடியம் குளோரைட்டு. மீதியில் மக்னீசியம் உப்புகளும் கல்சியம் உப்புகளும் உள்ளன. கலவையைப் பிரிக்க மின் வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் போதும்.

தவணைப் பரீட்சையொன்றில், "கடல்நீரை ஒரே பாத்தியில் முற்றாக வற்றவிட்டால் கிடைப்பது யாது?" என்று கேட்டிருந்தார்கள். "கறியுப்பு" என்று எழுதினேன். புள்ளி கிடைக்கவில்லை. எல்லா உப்புகளும் கலந்த கசப்பான ஒரு பொருளே அப்போது கிடைக்கும். அதனால்தான் உப்பளத்தில் பாத்திகள் பல.

உப்பளத்துக்குத் தட்டையான நிலம், நீரைக் கீழே விடாத களிமண், நல்ல வெயில், உலர்ந்த காற்று, குறைந்த மழை ஆகியன வேண்டும். புத்தளம் களப்பையொட்டிய பகுதியில் இவை அமைந்திருக்கின்றன. முதற் பாத்தியில் நீர் வற்றத் தொடங்க, மிகக் குறைவாகக் கரையும் கல்சியம் காபனேற்று முதலில் படியும். எஞ்சிய நீரை அடுத்த பாத்திக்கு விடுவார்கள். அங்கு கல்சியம் சல்பேற்று, அதாவது ஜிப்சம், படியும். நீரின் கனவளவு ஏறத்தாழ பத்திலொன்றாகக் குறையும்போது மூன்றாவது பாத்தியில் கறியுப்புப் பளிங்குகள் தோன்றும். கரைதிறன் குறைந்தது முந்தும், கூடியது பிந்தும். பின்னமுறைப் பளிங்காக்கல் என்று நாம் மனனம் செய்வது இதைத்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூன்றாவது பாத்தியை முற்றாக வற்ற விடக்கூடாது. எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைட்டு இருக்கிறது. உரிய நேரத்தில் அந்நீரை வெளியேற்றினாலும் பளிங்குகளில் சிறிது ஒட்டியே இருக்கும். மக்னீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே அதில் கரைந்துவிடும். எனவே வாரிய உப்பைக் குவித்து, கிடுகால் மூடி, மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். அது மெல்ல மெல்ல ஈரமாகி வடிந்து போகும். நல்ல உப்பு குவியலில் தங்கும்.

உம்மும்மாவின் வார்த்தை இப்போது எனக்கு விளங்கியது. வடிய விடாமல் அவசரமாக விற்ற உப்புத்தான் நம் வீட்டில் விரைவாகக் கசிகிறது. எந்த உப்பும் அடைமழையில் ஓரளவு ஈரமாகும்தான். ஆனால் மக்னீசியம் கலந்த உப்பு அதற்கு வெகு முன்பே ஈரமாகிவிடும். அரிசி ஈரத்தை எடுக்குமேயன்றி மக்னீசியத்தை எடுக்காது.

இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அந்நீரைக் கல்லுப்பின் மேல் ஊற்றி வடியுங்கள். நிரம்பிய கரைசலில் கறியுப்பு மேலும் கரையாது; மக்னீசியம் உப்பு கரைந்து போகும். பிறகு வெயிலில் உலர்த்துங்கள். நான் அவ்வாறு கழுவிய உப்பையும் கழுவாத உப்பையும் இரு போத்தல்களில் திறந்து வைத்தேன். கழுவாததுதான் முதலில் கசிந்தது. ஆனால் கழுவும்போது அயடீனும் போய்விடும். ஆகவே இது சோதனைக்கு மட்டுமே, சமையலுக்கு அல்ல.

முடிவை உம்மும்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதப் படிக்கவா புள்ள இவ்வளவு காலம்?" என்று சிரித்தார். வெயிலில் வெறுங்காலுடன் நின்று அவர் கற்றதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், அந்த உப்புக்குப் பின்னால் இருக்கும் கைகளும் இப்போது எனக்கு நினைவுக்கு வருகின்றன.