பழைய டிஷ் பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் மீள்குடியேறிய வீடுகளின் சுவர்களில் டிஷ் அன்ரனாக்களைப் பரவலாகக் காணலாம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்று அந்த டிஷ்ஷின் கீழ்தான் மாலைப் பொழுதைக் கழிக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலும், நடமாட முடியாத ஒருவர் இருக்கும் வீடுகளிலும் அந்தப் பெட்டிதான் நாள் முழுவதும் பேச்சுத்துணை.

இந்தப் பெட்டிகளில் பல இப்போது பழசாகிவிட்டன. மாரி தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சில அலைவரிசைகள் திடீரென்று காணாமல் போகின்றன. இந்த நேரம் பார்த்து, “பெட்டி பழசு, எச்.டி. பெட்டிக்கு மாறுங்கள், தவணையில் கட்டலாம்” என்று ஒருவர் படலையைத் தட்டுவார். நுண்கடன் தவணைக்காக வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இன்னொரு தவணை சிறிய விடயம் அல்ல. எனவே பழுது எங்கே இருக்கிறது, எந்த நிலையில் பெட்டியை மாற்றுவது நியாயம், எந்த நிலையில் அது வீண் செலவு என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

படம் வரும் வழி

நாம் பார்க்கும் ஒளிபரப்புச் செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. அங்கிருந்து வரும் மிக நலிந்த சமிக்ஞையை டிஷ் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புத்தான் எல்.என்.பி. அது சமிக்ஞையைப் பெருக்கி, கேபிளில் போகக்கூடிய அலைவரிசைக்கு இறக்கி, வீட்டுக்குள் அனுப்புகிறது. உள்ளே இருக்கும் பெட்டி அதைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுகிறது.

ஆக, டிஷ், எல்.என்.பி., கேபிள், பெட்டி, மின் அடப்ரர், ரி.வி. என்று ஆறு பொருட்கள் இதில் இருக்கின்றன. படம் வரவில்லை என்றதும் பெட்டியின் மீதுதான் பழி விழுகிறது. ஆனால் வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் நிற்பவை வெளியே உள்ள மூன்றும்தான். முல்லைத்தீவு, மன்னார், வடமராட்சி போன்ற கரையோரங்களில் கேபிளின் நுனியில் உள்ள திருகு இணைப்பு கறள் பிடிப்பதும், எல்.என்.பி.யின் மூடி வெடித்துத் தண்ணீர் இறங்குவதும் வழமையான பழுதுகள். எல்.என்.பி.யோ கேபிள் நுனியோ மாற்றுவதற்கான செலவு புதிய பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பழுது எங்கே? வீட்டிலேயே பார்க்கலாம்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எல்லா அலைவரிசைகளும் போய்விட்டனவா, சில மட்டுமா?

எல்லாமே போயிருந்தால், பெட்டியின் மெனுவில் சமிக்ஞை காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று பலம், மற்றது தரம். இரண்டும் வெறுமையாக இருந்தால் கேபிள் அல்லது எல்.என்.பி. மீது சந்தேகப்படலாம். பலம் இருந்து தரம் மட்டும் பூச்சியமாக இருந்தால் பெரும்பாலும் டிஷ் திசை மாறியிருக்கும், அல்லது முன்னால் ஏதாவது மறைத்திருக்கும். டிஷ் பூட்டிய வருடத்தில் இடுப்பளவு நின்ற மாமரம் இன்று கூரைக்கு மேலே போயிருக்கும். பத்து வருடத்தில் ஒரு தென்னை என்ன உயரம் வளரும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். டயலொக் தொலைக்காட்சி பயன்படுத்தும் செய்மதி 45 பாகை கிழக்கில் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் அது மேற்குப் பக்கமாக, சற்றுத் தெற்கே சரிந்து, ஏறத்தாழ 48 பாகை உயரத்தில் இருக்கும். இந்தியாவின் பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகை கிழக்கில் உள்ள செய்மதியிலிருந்து வருகிறது. அது நமக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 70 பாகை உயரத்தில், தலைக்கு மேலே என்று சொல்லக்கூடிய அளவில் நிற்கிறது. ஆகவே ஒரு சேவையிலிருந்து இன்னொரு சேவைக்கு மாறினால் பெட்டியோடு வேலை முடியாது. டிஷ்ஷையும் திருப்பிப் பூட்ட வேண்டும். மேற்கே வெளியாக இருக்கும் வளவில் தென்கிழக்கே மரம் நிற்கலாம். அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

மழை பெய்யும்போது மட்டும் படம் போய், மழை விட்டதும் திரும்பி வந்தால் அது பெட்டியின் பழுது அல்ல. வீட்டு டிஷ்கள் வாங்கும் கே.யு. அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி மழையில் இது தவிர்க்க முடியாதது. ஆனால் சிறு தூறலுக்கே படம் போகிறதென்றால் டிஷ் சற்று விலகியிருக்கிறது, அல்லது எல்.என்.பி. நலிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எச்.டி. பெட்டி வாங்கினால் மழையிலும் படம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ச் மாதத்திலும், செப்டெம்பர் இறுதி ஒக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்களுக்குப் பகலில் குறித்த ஒரு நேரத்தில் சில நிமிடங்கள் படம் தடைப்படும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதுதான் காரணம். அது தானாகவே சரியாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலான, காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. உங்கள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய், அதே சேவையைப் பார்க்கும் அயல் வீட்டுக் கேபிளில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் பெட்டி நலம், பழுது உங்கள் கூரையில். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் அவர்களின் அடப்ரரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அடப்ரரின் ஸ்ரிக்கரில் உள்ள வோல்ற் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டி திரும்பத் திரும்பத் தானாகவே அணைந்து எழும்புவதற்கு அடப்ரர் பழுதே பல வேளைகளில் காரணம். புதிய அடப்ரர் ஒன்றோடு அந்தப் பெட்டி இன்னும் சில வருடம் ஓடும்.

சில அலைவரிசைகள் மட்டும் போனால்

இங்கேதான் பெட்டியை மாற்றுவதற்கான உண்மையான காரணம் வருகிறது. ஒளிபரப்பாளர்கள் படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையும், அதைச் செய்மதியில் ஏற்றும் முறையும் காலத்தோடு மாறியிருக்கின்றன. பழைய பெட்டிகள் எம்பெக்-2 முறையை மட்டும் அறிந்தவை. எம்பெக்-4 முறையில் அதே தரமான படத்தை ஏறக்குறைய அரைவாசி இடத்தில் அனுப்பலாம். அதேபோல டி.வி.பி.-எஸ் என்ற பழைய ஏற்றும் முறைக்குப் பதிலாக டி.வி.பி.-எஸ்2 வந்தது. செய்மதியில் இடம் விலை கூடியது. அதனால் நிறுவனங்கள் புதிய முறைகளுக்கு மாறுகின்றன.

இதை வீட்டிலேயே அடையாளம் காணலாம். சமிக்ஞை நன்றாக இருந்து, சத்தம் கேட்டு, படம் மட்டும் கறுப்பாக இருந்தால் அந்த அலைவரிசை எம்பெக்-4 க்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அலைவரிசைகளைத் திரும்பத் தேடும்போது ஒரு தொகுதி முழுவதும் அகப்படாமல், மற்றவை ஒழுங்காக வந்தால் ஏற்றும் முறை மாறியிருக்கலாம். இந்த இரண்டு நிலைகளிலும் கேபிள் மாற்றியோ டிஷ் திருப்பியோ பயனில்லை. நீங்கள் வழமையாகப் பார்க்கும் அலைவரிசைகள் அப்படிப் போயிருந்தால் பெட்டியை மாற்றுவது சரியான முடிவு. பார்க்காத அலைவரிசைகள் போயிருந்தால் இருந்த பெட்டியே போதும்.

கட்டணச் சேவை என்றால், எதற்கும் முன் மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா, நீங்கள் எடுத்த தொகுப்பிலிருந்து அந்த அலைவரிசையை எடுத்துவிட்டார்களா என்று வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேளுங்கள்.

எச்.டி. பெட்டி யாருக்குப் பயன்?

வீட்டில் இருப்பது பழைய குழாய் ரி.வி. என்றால் எச்.டி. பெட்டியால் படம் தெளிவாகப் போவதில்லை. தவிர, சில புதிய பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருக்கும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களைப் போட இடமிருக்காது. பெட்டியை வாங்கி வந்த பிறகு ரி.வி.யும் மாற்ற வேண்டிய நிலை வரும். 32 அங்குல எல்.இ.டி. ரி.வி.யைப் பத்து அடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும், அதிலும் கண் பார்வை குறைந்த முதியவருக்கும், பெரிய வித்தியாசம் தெரியாது.

ஷெல் அதிர்வால் காது மந்தமானவர்கள் இருக்கும் வீடுகளில் படத்தின் தெளிவை விடச் சத்தம் முக்கியம். தனியான ஸ்பீக்கரோ ஹெட்போனோ பூட்டக்கூடிய ஒலித் துளை புதிய பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கையால் இயக்குபவருக்கு றிமோட்டின் பொத்தான்கள் பெரிதாக இருப்பது நல்லது. பத்து வருடம் ஒரே றிமோட்டைப் பழகிய அம்மாவுக்கு, புதியதை விளங்கப்படுத்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மின்கட்டணக் கணக்கு

ஒரு பெட்டி 12 வொற் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரவும் பகலும் போட்டபடி விட்டால் 30 நாளில் 8.6 அலகு ஓடும். நாளுக்கு நாலு மணித்தியாலம் பார்த்துவிட்டுச் சுவரில் அணைத்தால் ஒன்றரை அலகுதான். றிமோட்டால் மட்டும் அணைத்தால் பல பழைய பெட்டிகள் ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு மின்கட்டணம் 30, 60 அலகு என்ற படிகளில் ஏறுவதால், இந்த ஏழு அலகு ஒரு சிறிய வீட்டின் பட்டியலை அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

சுவரில் அணைப்பது இடியிலிருந்தும் காப்பாற்றும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமின்னல் அதிகம். மழை இருட்டும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு கேபிளில் கை வைக்க வேண்டாம். புதிய பெட்டி வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். இல்லாவிட்டால் அடுத்த மாரியில் அதுவும் போகும்.

கணக்கு யார் பெயரில்?

இதை எந்த விற்பனையாளரும் முதலில் கேட்பதில்லை. சந்தா கணக்கு கணவரின் அல்லது மகனின் பெயரில் இருக்கலாம். அவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். பெட்டியை மாற்றும்போது கணக்குக்காரரின் அடையாள அட்டையோ, இறந்திருந்தால் மரணச் சான்றிதழோ கேட்கப்படலாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவியிடமோ தாயிடமோ ஒரு ரி.வி. பெட்டிக்காக அந்தத் தாளைக் கேட்பது என்ன என்பது நமக்குத் தெரியும். அப்படியான வீட்டில் பழைய கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இப்போது வீட்டில் இருப்பவரின் சொந்தப் பெயரில் புதிய இணைப்பு எடுப்பதே நல்லது. பெட்டி நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றுவது நியாயமாகும் ஒரு சந்தர்ப்பம் இது.

இந்தியப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். தமிழகத்திலிருந்து திரும்பியவர்களோடும் உறவினர்களோடும் வந்த பெட்டிகள் பல இங்கே இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் சேவை வழங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெட்டி இங்கே நின்றுபோனால் முறையிட இடமில்லை. காசு ஏற்றவும் ஒரு இடைத்தரகர் வேண்டும். அவ்வாறான பெட்டியைப் புதுப்பிக்கப் பெரிய தொகை போடுவது ஆபத்தானது.

மாற்று வழிகள்

சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகள் போதும் என்பவர்கள் சாதாரணக் கம்பி அன்ரனாவை முயன்று பார்க்கலாம். போரில் அழிந்த கொக்காவில் கோபுரம் 2011 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் வன்னியில் தரைவழி ஒளிபரப்பின் வீச்சு கூடியது. அயல் வீட்டில் எப்படி எடுக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதற்கு மாதக் கட்டணம் இல்லை.

கைபேசியில் பார்ப்பது மலிவு என்று நினைப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். சாதாரண தரத்தில் ஒரு மணித்தியாலக் காணொளிக்கு அரை ஜி.பி. முதல் ஒரு ஜி.பி. வரை டேற்றா போகும். நாளுக்கு நாலு மணித்தியாலம் என்றால் மாதத்தில் 60 முதல் 120 ஜி.பி. செய்மதிப் பெட்டியில் எத்தனை மணித்தியாலம் பார்த்தாலும், எத்தனை பேர் கூடியிருந்து பார்த்தாலும் கட்டணம் ஒன்றுதான்.

“நாடு முழுவதும் டிஜிற்றலுக்கு மாறப்போகிறது, உங்கள் பெட்டி இனி வேலை செய்யாது” என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அந்த மாற்றம் தரைவழி ஒளிபரப்புக்கு உரியது. செய்மதிப் பெட்டி ஏற்கெனவே டிஜிற்றல்தான்.

கையெழுத்திடும் முன்

தவணைக்கு வாங்குவதானால் ஐந்து விடயங்களை எழுத்தில் கேளுங்கள். எல்லாத் தவணையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? கைக்காசுக்கு எவ்வளவு? பெட்டி உங்களுக்குச் சொந்தமா, நிறுவனத்துக்கா? உத்தரவாதம் எத்தனை மாதம், அதில் இடி விழுந்த சேதம் அடங்குமா? சந்தா கட்டாத மாதத்தில் இலவச அலைவரிசைகளாவது வருமா?

பழுது கூரையில் என்றால் கூரையைத் திருத்துங்கள். அடப்ரர் என்றால் அடப்ரரை மாற்றுங்கள். நீங்கள் பார்க்கும் அலைவரிசைகள் புதிய முறைக்குப் போய்விட்டால், அல்லது அயல் வீட்டுக் கேபிளிலும் நல்ல அடப்ரரிலும் பெட்டி உயிர் பெறாவிட்டால், அப்போது தாராளமாக மாற்றுங்கள். அதுவரை பொறுக்கலாம். படலையில் நிற்பவர் “இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை” என்று சொன்னால், நாளைக்கு அயல் வீட்டில் பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள்.