வலி, காலம், இடம்: ஆய்வும் நெடுந்தொலைவு ஓட்டமும்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். குறளின் 48, 49, 50ஆம் அதிகாரங்கள் இவை. பகைமேல் செல்லும் அரசனுக்குச் சொல்லப்பட்டவை என்றே உரையாசிரியர்கள் இவற்றைக் கொள்வர். ஆண்டுதோறும் இவற்றை வகுப்பில் நடத்திவரும் நமக்கு, ஓர் ஆய்வு மாணவனின் அன்றாட வாழ்வுக்கும் இவை பொருந்தும் என்பது அண்மையில்தான் விளங்கிற்று. விளங்கவைத்தவர் நம் பழைய மாணவர் ஒருவர்.

அவர் நம் கல்லூரியில் வேதியியல் பயின்றவர். பகுதி ஒன்று தமிழை நம்மிடம் கற்றவர். தந்தையார் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றிற்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். மாணவர் இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அத்துடன் நெடுந்தொலைவு ஓட்டத்திலும் ஈடுபாடு கொண்டவர். சென்ற ஆண்டு ஒரு மாலையில் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து துறைக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை முறிவு. இரவெல்லாம் ஆய்வகத்தில் விழித்திருந்துவிட்டு, விடியலில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஓடி, மாரத்தானுக்கு ஆயத்தம் செய்ததன் விளைவு. அதே வாரத்தில் உறக்கக் கலக்கத்தில் எடையைத் தவறாகக் குறித்து, ஒரு மாதச் சோதனையும் வீணாயிற்று. "ஐயா, இரண்டில் ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை. தேடிக் கண்டதையே இங்கே எழுதுகிறோம்.

இணைத்து வாழ்ந்தோர்

அறிவுத் தேடலும் உடலுழைப்பும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் நம் மரபுக்கு உரியதன்று. ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த இராமானுசர், ஒரு மந்திரத்தின் பொருளறியத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபு வழங்கும் செய்தி. நபிமொழிகளைத் திரட்ட இமாம் புகாரி நாடு நாடாகப் பயணம் செய்ததை இஸ்லாமிய வரலாறு போற்றுகிறது. கல்வி என்பது காலாலும் தேடப்பட்ட காலம் அது.

அறிவியல் உலகிலும் சான்றுகள் உண்டு. தசை வெப்பத்தை உண்டாக்கும் முறையை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற ஆங்கில அறிஞர் ஏ.வி.ஹில், தாமே ஓடித் தம் உடலையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டவர். ஓர் உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை ஏற்க இயலும் என்ற எல்லையைப் பற்றிய இன்றைய கருத்து அவர் ஆய்விலிருந்து வளர்ந்ததே. கணிப்பொறியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1947இல் ஒரு மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி ஐந்தாமிடம் பெற்றார்.

ரோஜர் பானிஸ்டரின் வாழ்வு இன்னும் நெருக்கமான பாடம். மருத்துவ மாணவராக இருந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஓடுபொறியின்மீது மனிதரை ஓடவிட்டு மூச்சின் இயல்பை ஆராய்ந்தார். லண்டன் மருத்துவமனையில் பயின்ற நாள்களில் அவர் பயிற்சிக்கு ஒதுக்கியது பெரும்பாலும் நண்பகல் உணவு இடைவேளையையே. 1954 மே 6ஆம் நாள் காலையில் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டு, இரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டை அடைந்து, மாலையில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் என்பது அதுவரை எவர்க்கும் எட்டாதிருந்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே பந்தய ஓட்டத்தை விட்டு நரம்பியல் மருத்துவரானார்.

நம் காலத்துச் சான்று ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். பார்சிலோனாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கணித ஆய்வும் கற்பித்தலும் செய்துவந்தவர். தொழில்முறை அணியோ தனிப் பயிற்சியாளரோ இன்றி, தம் பயிற்சியையும் உணவையும் தாமே கணக்கிட்டுக் கொண்டார். 2021 ஜூலை 25ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் 137 கிலோமீட்டர் மிதிவண்டிப் பந்தயத்தில், இறுதி நாற்பது கிலோமீட்டரைத் தனித்தே கடந்து தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்தவர், தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். முன்னால் ஒரு கணிதவியலாளர் சென்றுவிட்டதை அவர் அறியவில்லை!

நம் மண்ணின் கதை சற்று வேறு. குற்றாலீசுவரன் 1994இல், பன்னிரண்டு வயதில், ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளை நீந்திக் கடந்து, மிகிர் சென்னின் சாதனையை விஞ்சினார். ஆயினும் பின்னர் நீச்சலை நிறுத்திப் பொறியியல் கற்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். படிப்பா, விளையாட்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே நம் பிள்ளைகளில் பலருக்கு நேர்கிறது. நம் மாணவரின் கேள்வியும் அந்த நிலையிலிருந்து எழுந்ததே.

வலியறிதல்

முதலில் உடலின் வலிமையை அறிதல் வேண்டும். நெடுந்தொலைவு ஓட்டம் விரைவினால் வருவதன்று. உடலுக்குள் நிகழும் மெல்லிய மாற்றங்களால் வருவது. தசையணுக்களில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை ஆக்கித் தரும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்ட்ரியா. தொடர்பயிற்சியால் தசைகளில் அதன் ஆக்கத்திறன் பெருகுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹோலோசி 1967இல், ஓடுபொறியில் பயிற்றப்பட்ட எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் ஏறத்தாழ 500 கிராம் அளவினதே. மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலர் கால் துவண்டு நிற்பதற்கு அந்த இருப்புக் கரைவதே பெருங்காரணம்.

இதயமும் தசையும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கிவிடுகின்றன; எலும்புக்கும் தசைநாணுக்கும் பல மாதங்கள் வேண்டும். மூச்சு தயாராக இருக்கிறது. எலும்பு தயாராக இல்லை. நம் மாணவரின் கால் முறிந்தது இந்த இடைவெளியில்தான்.

இதனைத் தொழிற்சாலைப் பகுதியில் வாழும் நமக்கு எளிதாக விளக்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்களும் சரக்கு வாகனங்களும் உருவாகின்றன. வாகனங்களைச் சோதிக்கும் பெரிய நிலையமும் ஒரகடத்தில் உண்டு. ஓர் இரும்பு அச்சு தாங்கக்கூடிய பாரத்துக்குக் குறைந்த பாரத்தையே ஏற்றினாலும், அதையே இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் ஒருநாள் அது முறியும். இதனை உலோகச் சோர்வு என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இரயில் அச்சுகளைக் கொண்டு இதனை முறையாக ஆராய்ந்தார். அதே நூற்றாண்டில், 1855இல், பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், அடியேதும் படாமல் நெடுநடையால் மட்டுமே கால் வீங்கி வருந்திய வீரர்களைப் பற்றி எழுதினார். இரும்புக்கு நேர்ந்ததே எலும்புக்கும் நேர்ந்தது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இரும்புக்கு ஓய்வு கொடுத்தாலும் அதன் விரிசல் ஆறாது. எலும்போ ஓய்வில் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும். எனவே ஓய்வு என்பது பயிற்சியின் எதிர்ச்சொல் அன்று, பயிற்சியின் மறுபாதி. ஆய்வுக்கும் இது பொருந்தும். சோதனைக் குறிப்பை ஒருநாள் மூடி வைத்தபின் திறக்கும்போதுதான் பிழை கண்ணில் படுகிறது.

தேர்ந்த ஓட்டவீரர்கள் தம் பயிற்சிகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை மிக எளிய வேகத்திலேயே செய்கின்றனர் என்பதை ஸ்டீஃபன் சைலர் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். எளிய வேகத்துக்கு அளவுகோல் எது? ஓடும்போதே உடன்வருபவரிடம் தடையின்றிப் பேச இயல வேண்டும். பேச்சுத் திக்கினால் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள்.

காலமறிதல்

ஒரு கிழமைக்கு 168 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி நேர உறக்கம் 49 மணி. ஆய்வகத்துக்கு 50, பேருந்துப் பயணத்துக்கு 10, ஓட்டத்துக்கு 6. கூட்டினால் 115. எஞ்சிய 53 மணி நேரம் தொழுகைக்கும், உணவுக்கும், வீட்டுக்கும், வாசிப்புக்கும் உரியது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் நேரம் இருக்கிறது. நம் மாணவர் உறக்கத்தின் 49இலிருந்து கடன் வாங்கினார். அந்தக் கடனுக்கு வட்டி மிகுதி.

இங்கே நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் எம்.ஃபில். பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிய நாள்களில், தேநீரையும் பன்னையும் உண்டு நள்ளிரவு கடந்தும் நூலகக் குறிப்புகளுடன் அமர்ந்திருப்பதையே உழைப்பு என்று எண்ணினோம். நடை என்பதே மறந்தது. நாற்பதை எட்டுமுன் நீரிழிவு வந்து சேர்ந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. அந்தக் கணக்கில் நாமும் ஒருவர். நாம் பெற்ற எம்.ஃபில். பட்டப்படிப்பு 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளால் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பட்டத்தோடு வந்த நோயோ நிற்கவில்லை. எனவே ஓட்டத்தை விட்டுவிடு என்று அந்த மாணவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

அதே விதிகள் முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டும், இயல்பான மேல் எல்லையாக 6 ஆண்டும் வகுத்துள்ளன. ஆறாண்டு என்பது நூறு மீட்டர் ஓட்டமன்று. ஆய்வேட்டை ஒப்படைக்கும் பருவமும் மாரத்தான் பருவமும் ஒரே மாதத்தில் மோதாதபடி ஆண்டின் தொடக்கத்திலேயே திட்டமிடல் நலம். சோதனை நெருக்கும் மாதத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கலாம், முற்றும் விடவேண்டியதில்லை. ரமலான் மாதத்தில் நீண்ட ஓட்டத்தை ஒத்திவைத்து, நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னரோ இரவுத் தொழுகைக்குப் பின்னரோ மெல்லிய ஓட்டம் மட்டும் மேற்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் உப்பும் நீரும் கலந்த நோன்புக் கஞ்சி, களைத்த உடலுக்கு ஏற்ற உணவு என்பதை நம் பாட்டிமார் ஓட்டவீரர்களுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

இடனறிதல்

சித்திரை, வைகாசியில் நம் பகுதியின் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது; வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். எனவே குளிர்நாட்டு நூல்கள் கூறும் வேகத்தை இங்கே அப்படியே பின்பற்றலாகாது. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரு கிழமைகள் தேவை. நீரோடு உப்பும் தேவை.

சாலையையும் கருதுதல் வேண்டும். முறைமாற்ற வேளையில் நிறுவனப் பேருந்துகளும் சரக்குப்பெட்டி லாரிகளும் நெருங்கும் நெடுஞ்சாலை ஓடுதற்கு உரிய இடமன்று. தந்தையார் பேருந்தை ஓட்டும் அதே வேளையில், அதே சாலையின் ஓரத்தில் மகன் இருளில் ஓடிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு நெஞ்சு நடுங்குகிறது. ஏரிக்கரைகள் இருக்கின்றன. மண்பாதை காலுக்கும் இதம். விடிந்தபின் ஓடினால் பாம்புக்கும் நாய்க்கும் அஞ்ச வேண்டியதில்லை. மாணவியர்க்கோ ஏரிக்கரையும் தனிமையும் பாதுகாப்பாக அமைவதில்லை. காலை ஐந்தரை முதல் ஏழு வரை கல்லூரித் திடல்களை ஆய்வு மாணவியர்க்கும் சுற்றுப்புறத்துப் பெண் தொழிலாளர்க்கும் திறந்துவிட்டால் பெரும் நன்மை விளையும். இதற்கு ஆகும் செலவு ஒரு காவலரின் ஒன்றரை மணி நேரமே.

வீடும் நெறியாளரும்

வலி, காலம், இடம் மூன்றும் அறிந்தபின்னும் துணை தேவை. ஆய்வு உதவித்தொகையை எதிர்பார்க்கும் வீட்டில், மகன் ஓடுவது வீண்வேலையாகத் தோன்றுவது இயல்பு. அதனை மறைத்துச் செய்தல் தவறு. நெறியாளரிடமும் உண்மையைச் சொல்லல் வேண்டும். "காலை ஏழு வரை ஓட்டம், ஒன்பது முதல் ஆய்வகம்" என்று வரையறுத்துச் சொல்லி, அச்சொல்லைக் காத்தால், எதிர்ப்பவர் அரியர்.

நம் மாணவர் அந்த ஆண்டு மாரத்தானை விட்டுவிட்டார்; ஓட்டத்தை விடவில்லை. மூன்று மாதம் ஓய்ந்திருந்து ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதி முடித்தார். வீணான சோதனையை மீண்டும் செய்தார். இம்முறை எடை சரியாக இருந்தது. இப்போது கிழமைக்கு மூன்று நாள் மட்டும் ஏரிக்கரையில் ஓடுகிறார். பணியில்லாத ஞாயிறுகளில் அவர் தந்தையாரும் தண்ணீர்க் குப்பியுடன் கரையில் நடக்கிறார். அந்தக் கரையில் சற்றுப் பின்னே, மெல்ல நடந்துவரும் தமிழாசிரியர் ஒருவரையும் நீங்கள் காணலாம். நமக்கு ஓட வலியில்லை, நடக்க வலியுண்டு. அவ்வளவையேனும் அறிந்துகொண்டோம்.